இளைப்பாறுதல் யாருக்கு? ஜோகுபாளையத்தில் ஒரு சனிக்கிழமை

என் மனைவி ரோசலின் போன வருஷம் டிசம்பரில் இறந்தாள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி வராந்தாதான் வரும். கம்பெனியில் ஒரு நண்பர் டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கச் சொன்னார். வாங்கிப் போட்டேன். மாத்திரை தூங்கியது, நான் தூங்கவில்லை.

சென்ற மாதம் ஜோகுபாளையத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போனபோது, தெருமுனையில் இருந்த பழைய சர்ச்சின் பலகையைப் பார்த்தேன். 'இளைப்பாறுதல் ஜெபம், சனிக்கிழமை காலை 10 மணி, அனைவரும் வருக.' எங்கள் கத்தோலிக்க வீடுகளில் 'இளைப்பாற்றி' என்பது கல்லறையில் கேட்கிற வார்த்தை. இறந்தவர்களுக்காக வேண்டுவது. அவள் பிறந்த தெருவிலேயே அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் தூக்கம் என்று நினைத்துக் கிளம்பினேன். பையில் ஆறு மெழுகுவர்த்திகள்.

சந்தாபுராவிலிருந்து பொம்மசந்திராவுக்கு பஸ். அங்கே மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாறி, அல்சூரில் இறங்க வேண்டும். தொண்ணூறு ரூபாய், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும். குளிர்காலக் காலையில் போனால் ஜன்னல் பக்கம் நில்லுங்கள். பனியில் ஃபாக்டரி கூரைகள் மட்டும் மிதக்கின்றன. மொட்டை மாடிகளில் காயும் சேலைகள் எந்த வீட்டோடும் சேராமல் தனியாக அசைகின்றன. நான் விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர், "எந்த சர்ச் சார்? இங்க தெருவுக்கு ஒண்ணு இருக்கு. ஒன்வே வேற, சுத்திக்கிட்டுப் போகணும், ஐம்பது குடுங்க," என்றார். கொடுத்தேன்.

உள்ளே இருபது பேர் இருந்திருப்பார்கள். வண்ணக் கண்ணாடி வழியாக நீலமும் மஞ்சளுமாக வெயில் தரையில் கிடந்தது. மெழுகுவர்த்தி வைக்க இடம் தேடினேன். மாதா சொரூபமும் இல்லை, மெழுகுவர்த்தி ஸ்டாண்டும் இல்லை. முழித்துக்கொண்டு நின்றவனிடம் அறுபது வயதுப் பெண் ஒருவர் வந்தார். கிரேஸ் அக்கா. அங்கே ஜெபம் நடத்துபவர்.

"என்ன தேடுறீங்க தம்பி?"

"இளைப்பாற்றி ஜெபம்னு பார்த்தேங்க. என் சம்சாரம் பேரு ரோசலின். பேர் சொல்லி..."

அவர் மெழுகுவர்த்திகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க ஆர்.சி.யா? நாங்க செத்தவங்களுக்கு ஜெபம் பண்றதில்லப்பா. இது உயிரோட இருக்கிறவங்களுக்கு."

அசடு வழியத் திரும்பினேன். அவர் விடவில்லை.

"ரோசலின் ஆண்டவர்கிட்ட இளைப்பாறிக்கிட்டு இருக்காங்க. நீங்கதான் களைச்சுப் போயிருக்கீங்க. உங்க பேர் என்ன?"

"அந்தோணி."

"ஆண்டவரே, அந்தோணிக்கு இளைப்பாறுதல் குடுங்க," என்று சத்தமாகச் சொன்னார். அந்த இருபது பேரும் ஆமென் என்றார்கள். இவ்வளவு நாளும் எத்தனையோ பூசைகளில் அவள் பெயரைக் கேட்டுவிட்டேன். என் பெயரை யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அழுதுவிட்டேன். பிறகு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஃபேன் மெதுவாகச் சுற்றியது, யாரோ கீபோர்டு வாசித்தார்கள், தரையில் நீல வெயில் என் செருப்பை நோக்கி நகர்ந்து வந்தது.

கண் விழித்தபோது சர்ச் காலி. தலைக்கடியில் யாருடைய சால்வையோ இருந்தது. வாசல்படியில் கிரேஸ் அக்கா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பியிருக்கலாமே அக்கா!"

"எதுக்கு எழுப்பணும்? ஜெபம் கேட்டுடுச்சுன்னு உங்க குறட்டையே சொல்லிச்சே."

போக நினைப்பவர்களுக்கு: பத்து நிமிடம் முன்னால் போங்கள், கடைசி பெஞ்சுக்கு மேல் ஃபேன் உண்டு. டிசம்பரில் ஒரு சால்வை அவசியம். மெழுகுவர்த்தி வேண்டாம். என்னுடையதைக் கரண்ட் போனால் ஆகும் என்று கிரேஸ் அக்கா வாங்கி வைத்துக்கொண்டார். பெயர் கேட்பார்கள். போனவர்கள் பெயர்தான் முதலில் வாயில் வரும். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.