மண்டி போட்ட போர் இயந்திரம்

"மென்மையான இயல்பினர். சக பணியாளர்களுடன் இணங்கிப் போகிறவர். எந்தச் சச்சரவிலும் ஈடுபடாதவர். பிறர் உடைமையை மதிப்பவர். பொழுதுபோக்கு: கைவினை."

செயற்கைப் பல் செய்து கொடுக்கும் ஆய்வகம் ஒன்று, பணியில் இருபது ஆண்டு நிறைத்த அம்மாள் ஒருவருக்கு அளித்த நற்சான்றிதழ் இது. கண்ணாடிச் சட்டம் போட்டு அவருடைய வேலை மேசைக்கு மேலேயே மாட்டியிருக்கிறார்கள். இதில் கையெழுத்திட்ட மேலாளருக்கும் இதைப் பெற்றுக்கொண்ட அம்மாளுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சொல்லிக்கொள்வார்கள். எழுபத்தெட்டு வயதுக் கிழவருக்கு எதற்கு இத்தனை வெள்ளையாகப் பல் என்று அம்மாள் கேட்டதில் ஆரம்பித்த தகராறு, மேலாளரின் சட்டையில் ஈரப் பிளாஸ்டர் உருண்டை ஒன்று வந்து ஒட்டியதில் முடிந்தது. கை தவறிவிட்டது என்பது அம்மாள் தரப்பு. ஆறடி தூரத்துக்குக் கை தவறுமா என்பது மேலாளர் தரப்பு.

சான்றிதழில் பழுதில்லாத வார்த்தை 'கைவினை' மட்டும்தான். அந்தக் கைவினை, இன்னும் நடக்காத யுத்தங்களுக்கான இருநூற்றுப் பதினான்கு இயந்திரங்களாக அவர் வீட்டு அலமாரியில் நிற்கிறது. சங்கிலிச் சக்கர டாங்கிகள், நண்டுபோல ஆறு காலில் ஊரும் பீரங்கிகள், தலை இருக்க வேண்டிய இடத்தில் குழாய்கள் முளைத்த நடமாடும் கோட்டைகள். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக்கை வெட்டி, ராவி, ஒட்டி, வர்ணம் தீட்டுவது எல்லாரும் செய்வதுதான். இவர் அதோடு நிற்க மாட்டார். பல் வரிசையை இழுத்துக் கட்டும் கம்பியில் குழாய் வளைப்பார். ஈறு செய்யும் இளஞ்சிவப்புக் குழம்பில் கவசத் தகடு வார்ப்பார். அளவு சரியில்லை என்று திரும்பி வந்த கீழ்வரிசைப் பல்செட் ஒன்று, அவருடைய டாங்கியின் முன்னால் மண்வாரியாகப் பொருத்தப்பட்டு எதிரிகளைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கிறது.

எதிரிகள் என்றால் டயர் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடும் சங்கத்தார். ஆறடி மேசை, தெர்மோகோலில் செய்த இடிந்த ஊர், ஆளுக்கொரு சேனை, கை நிறையப் பகடை. ரப்பர் வாடையும் பகையும் சம அளவில் கலந்த அறை அது. அங்கே அவரைப் பல் டாக்டரம்மா என்று அழைத்த புது ஆளிடம், "டாக்டர் இல்ல. டாக்டர் தப்பா எடுத்த அளவுக்குச் சரியா பல் செய்றவ" என்றார். அன்றிலிருந்து பல்லுக்காரம்மா.

சண்டையின் தலையாய விதி எளிது. கண்ணுக்குத் தெரிந்தால்தான் சுடலாம். தெரிகிறதா என்பதை ஆடுபவர் தன் உயரத்திலிருந்து பார்த்துச் சொல்லக் கூடாது. குனிந்து, தன் இயந்திரத்தின் தலைக்குப் பக்கத்தில் கண்ணை வைத்து, அது பார்ப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேசையில் கன்னம் வைத்துக் கிடப்பது இதனால்தான். பார்வையில் தகராறு வந்தால் தீர்ப்பு சர்வேயருடையது. நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் சிவப்பு லேசர் விளக்கும் இரும்பு டேப்பும் இல்லாமல் படியேற மாட்டார். நடுநிலை தவறாதவர் என்று பெயர். பல்லுக்காரம்மாவிடம் மட்டும் தவறுவார், ஏனென்றால் பதினோரு வருஷத்தில் அதிகம் தோற்றது அவரிடம்தான்.

பதினான்கு மாதம் உழைத்துச் செய்த இரண்டு கால் ராட்சத இயந்திரத்தை அம்மாள் மேசையில் வைத்த அன்று சர்வேயருக்கு மூக்கு வியர்த்தது.

"இது ஏன் மண்டி போட்டிருக்கு?"

"உங்களைக் கும்பிட இல்ல. பயப்படாதீங்க."

"பெட்டிப் படத்துல நிக்குது. இருபத்தெட்டு சென்டிமீட்டர். இது இருபதரை. மண்டி போட்டா எந்தச் சுவருக்குப் பின்னாடியும் ஒளிஞ்சுக்கலாம், இல்ல?"

"எங்க வீட்டு அலமாரித் தட்டு இருபத்தொண்ணுதான்."

அறையே சிரித்தது. உண்மையைச் சொன்னபோது சிரிப்பதும் பொய்யைச் சொன்னபோது தலையாட்டுவதும் எந்தச் சங்கத்துக்கும் இயல்பு. ஆனால் அம்மாள் சொன்னது அப்பட்டமான உண்மை. வீடு பெற்றோர் விட்டுச் சென்றது. அதில் அவரும் கல்யாணமே வேண்டாம் என்றிருந்துவிட்ட அவருடைய அண்ணனும் இருக்கிறார்கள். அலமாரியைச் சுவரில் அறைந்தவர் அண்ணன். கீழ்த்தட்டுகள் தங்கைக்கு, மேல்தட்டு அண்ணனுக்கு. அதில் விபத்தில்லாமல் பஸ் ஓட்டியதற்கான பத்தொன்பது கேடயங்கள். சாலையில் யாரையும் இடிக்காதவர், வீட்டில் யாரையும் விட்டுவைக்காதவர்.

"பலகையை ஒரு சாண் ஏத்தி அடிண்ணா" என்று தங்கை முன்பே கேட்டிருந்தார்.

"ஏன், உன் பொம்மைக்குக் கழுத்து வலிக்குதா?"

"பொம்மைன்னு சொல்லாத."

"சரி, பீரங்கி. ஒரு சாண் ஏத்தினா என் ஷீல்டு கூரையில இடிக்கும்."

"இடிச்சா என்ன? ஒரு தடவையாவது இடிச்சுப் பாரு."

அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. இயந்திரம் மண்டியிட்டது.

சங்கத் தலைவரான டயர் கடைக்காரர் கடைக்கு வருகிறவர் யாருக்கும் மனம் கோணக் கூடாது என்று நினைப்பவர். ஆகவே சத்தமாகப் பேசுகிறவர் பக்கமே தீர்ப்பு எழுதுவார். இரண்டு வாரத்துக்குள் இயந்திரம் பெட்டிப் படத்தில் உள்ளபடி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஏமாற்று வேலை. ஏமாற்றியவருக்குச் சங்கத்தில் இடம் இல்லை.

"பதினோரு வருஷமா என் பகையெல்லாம் இந்த ஒரு ரூம்லதான் இருக்கு. இதை விட்டா நான் யாரோட சண்டை போடுறது?" என்று கேட்டார் அம்மாள். அதற்கும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மேலாளரிடம் துண்டுச் சீட்டு, அண்ணனிடம் பலகை. நேருக்கு நேர் உட்கார்ந்து, விதிப்படி, பதிலுக்குப் பதில் மோதுவதற்கு உலகத்தில் அவருக்கு இருந்தது அந்த மேசை ஒன்றுதான்.

மறு வாரம் ஆய்வகத்தில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், அதை மேசையில் கிடத்தினார். பல்லைத் தேய்க்கும் வட்டத் தகட்டால் முதலில் வலது முழங்காலை அறுத்தார். தான் தீட்டிய துருவும் கீறலும் தூளாகப் பறந்தபோது ஒருமுறை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு இடது கால். உள்ளே எஃகுக் கம்பி செருகி, நிமிர்த்தி, ஈறுக் குழம்பால் மூடினார். அந்தப் பக்கம் போன மேலாளர் நின்று பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்: "கைவினையா?" அம்மாள் அதன் பின்புறத்தில் எழுதினார்: "எலும்பு முறிவு."

நிமிர்ந்த இயந்திரம் வீட்டில் எந்தத் தட்டிலும் நுழையவில்லை. சாப்பாட்டு மேசையில் நின்றது.

"துப்பாக்கியை முன்னாடி வெச்சுக்கிட்டு என்னால சாப்பிட முடியாது" என்றார் அண்ணன்.

"சாப்பிடாத."

"ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குள்ள இது இங்கிருந்து போகணும். இல்லேன்னா மொட்டை மாடிக்குப் போகும். மழையில நனையட்டும்."

"மாடிக்குப் போனா தனியாப் போகாது. உன் ஷீல்டும் கூடவே போகும்."

கெடு முடிந்த ஞாயிறு மதியம் சர்வேயர் டேப்பை நீட்டினார். இருபத்தெட்டு சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். அந்த இரண்டு மில்லிமீட்டரைப் பெருந்தன்மையோடு மன்னித்தார். முகம் அப்படி மலர்ந்து யாரும் பார்த்ததில்லை. இனி அது எங்கே நின்றாலும் தலை தெரியும், அத்தனை டாங்கியும் சுடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். தன் பன்னிரண்டு டாங்கிகளையும் சுவர்களுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, வழக்கம்போல ஒளித்து வைத்தார். சுவர்கள் இயந்திரத்தின் கழுத்தளவு.

பகடை அம்மாளுக்கு முதல் ஆட்டம் கொடுத்தது. அவர் இயந்திரத்தைச் சுவரை ஒட்டி நடத்தி வந்து நிறுத்தினார். குனிந்து அதன் தலையோடு தன் தலையை வைத்தார். பக்கத்து வீட்டு முற்றத்தை மதிலுக்கு மேலே எட்டிப் பார்ப்பவர் மாதிரி இருந்தது.

"உங்க மூணாவது டாங்கி தெரியுது. நாலாவதும். அதுக்குப் பின்னாடி நிக்குதே, வர்ணம் சரியா காயாத ஒண்ணு, அதுவும் தெரியுது."

"தெரியாது. சுவர் மறைக்கும்."

"லேசரைப் போடுங்க."

சர்வேயர் போட்டார். சிவப்புப் புள்ளி சுவரைத் தாண்டி அவருடைய டாங்கியின் மூக்கிலேயே போய் உட்கார்ந்தது.

"அங்கிருந்து இது தெரிஞ்சா இங்கிருந்து அதுவும் தெரியும். வேலையில சேர்ந்த முதல் நாள் இதைத்தானே சொல்லிக் கொடுத்திருப்பாங்க?"

முப்பத்து மூன்று வருஷம் கோல் நட்டுப் பார்வை பிடித்தவர், வெறுப்பு மும்முரத்தில் பார்வைக்கு இரண்டு முனை உண்டு என்பதை மறந்துவிட்டிருந்தார். முதல் சுற்றில் நான்கு டாங்கிகள். அவர் திருப்பிச் சுட்டார்; பகடை கேட்கவில்லை. இரண்டாம் சுற்றில் மேலும் ஐந்து. அப்போது அவர் தலைவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அந்த அம்மா சொன்னது நியாயம்தான் போல. அலமாரி சின்னதுன்னா பாவம், மண்டி போட்டே இருக்கட்டுமே."

"தீர்ப்பை நோட்டுல எழுதியாச்சு சார்" என்றார் டயர் கடைக்காரர். இப்போது சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தது அம்மாள்.

பன்னிரண்டும் போயிற்று. யாரும் கை குலுக்கவில்லை. சர்வேயர் டேப்பைச் சுருட்டியபடியே, "அடுத்த வாரம் பாத்துக்கறேன்" என்றார். "வராம இருந்துடாதீங்க" என்றார் அம்மாள். அவர் குரலில் கவலை இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு அவர் வீடு திரும்பியபோது அண்ணன் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். அம்மாள் பிளாஸ்டர் அச்சுகளை அறுக்கும் ரம்பத்தால் அண்ணனின் மேல்தட்டுப் பலகையை இரு முனையிலும் அறுத்து எடுத்தார். பத்தொன்பது கேடயங்களையும் தூசி துடைத்து, ஆண்டு வரிசைப்படி அண்ணனின் கட்டிலில் அடுக்கினார். காலியான இடத்தில் இயந்திரத்தை நிற்க வைத்தார்.