சொறிந்தால் பெரியம்மா வீடு

எங்கள் வீட்டில் கத்தரிக்காய் சமைப்பது நின்றுபோனதற்கு நான்தான் காரணம். ஒன்பது வயதில் எனக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் என்ற அரிப்புப் புண் வந்தது. கத்தரிக்காய், கருவாடு, பலாப்பழம் மூன்றும் ஆகாது என்று அம்மா மொத்தமாக நிறுத்திவிட்டாள். எங்கள் மலையில், திண்ணனூர் நாட்டில், பலாப்பழம் தின்னாத குடும்பம் எங்களுடையது ஒன்றுதான் இருந்திருக்கும். அப்பா மட்டும் பக்கத்து வீட்டில் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். வாசனை காட்டிக்கொடுத்துவிடும். சண்டை பிடிக்க அம்மாவுக்குத் தெம்பு இல்லை.

பண்டத்தை நிறுத்தியும் அரிப்பு நிற்கவில்லை. களத்தில் சாமைக் கதிர் அடித்த தூசி பட்டால் இன்னும் தடித்தது. அம்மா பகலெல்லாம் மிளகு பறித்துவிட்டு வந்து, வேப்பிலை அரைத்துப் பூசி, நான் சொறியாதபடி கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவளுக்கே அலுத்துவிட்டது.

"இன்னொருக்கா சொறிஞ்சீன்னா காரவள்ளிப் பெரியம்மா ஊட்டுல உட்டுட்டு வந்துருவேன் கண்ணு. என்னால ஆகல."

அதற்குப் பிறகு அம்மா பக்கத்தில் வந்தாலே எனக்கு அரித்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். அப்படியும் சிவந்து தடித்தது. அனுப்பிவிடுவார்களே என்று பயந்தேன், பயந்ததால் அரித்தது, அரித்ததால் அனுப்பியேவிட்டார்கள்.

என் மகளுக்கும் இப்போது அதே தொல்லை. பயந்தால் தோலுக்குள் இருக்கும் நரம்பு நுனிகள் ஏதோ ஒரு ரசாயனத்தைக் கசியவிடும், அது போய் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும், சொறியச் சொறிய இன்னும் கசியும் என்று தோல் டாக்டர் சொன்னார். தூசி மூட்டுகிற தீயை மனசு விசிறிவிடுமாம். அன்றைக்கு எங்களுக்கு இதை யார் சொல்வது? கத்தரிக்காயைத்தான் திட்டினோம்.

மலையடிவாரத்துக் காரவள்ளியில் பெரியம்மா வீட்டில் என்னை விட்டுவிட்டு, மலையேறும் பஸ்சுக்காக அம்மா ரோட்டோரம் நின்றாள். நின்ற நேரமெல்லாம் தன் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே இருந்தாள். தோல் ரத்தமாகச் சிவந்திருந்தது. என் கரப்பான் அம்மாவுக்குத் தொத்திக்கொண்டது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

காரவள்ளியில் ஒரே மாதத்தில் எனக்குத் தோல் ஆறிவிட்டது. தூசி இல்லை. பயந்துகொண்டிருந்த காரியம் நடந்தே முடிந்துவிட்டதால் இனிப் பயப்படவும் ஒன்றும் இல்லை. பெரியம்மா கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிக்கொண்டே, "எங்கூட்டுத் தண்ணி அப்பிடி" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். எனக்கோ எப்போது வீட்டுக்குப் போவோம் என்றே இருந்தது.

அறுப்பு முடிந்ததும் அம்மா வந்தாள். வாசலிலேயே இரண்டு கைகளையும் நீட்டி, "வா சாமி" என்றாள். மணிக்கட்டில் புண் காய்ந்து கருத்திருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் நான் தொட்டால் அவளுக்கு மறுபடியும் வந்துவிடுமே. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் கூப்பிடக் கூப்பிட வரவில்லை.

அம்மா கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இங்கயே நல்லாத்தான் இருக்கறா. இருக்கட்டுங்க்கா."

அடுத்த பஸ்சுக்கே போய்விட்டாள். நான் பத்தாவது முடிக்கும்வரை காரவள்ளியில்தான் இருந்தேன். அன்று அம்மா என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தாள் என்று பெரியம்மா சொன்னபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.