படியில் ஒரு கால்

பேக்கரியின் பின்வாசலில் நிற்கும்போது என் சித்தி ஒரு காலைப் படியில் வைத்திருப்பாள். இன்னொரு கால் சந்தில் இருக்கும். மழை பெய்தாலும் அப்படித்தான், பாதிக் குடை கூரைக்கு உள்ளே, பாதி வெளியே. நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து வேலைக்குப் போன நாள்வரை இதைப் பார்த்திருக்கிறேன்.

"உள்ள வாங்க, இல்லேன்னா வெளிய நில்லுங்க. அதென்ன கொக்கு மாதிரி?" என்பார் ரொட்டிக்காரர்.

"கொக்கு நின்னா மீனுக்குத்தான் பயம். உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்பாள் சித்தி. கால் மட்டும் நகராது.

சித்தி என் அம்மாவின் தங்கை. எட்டே மாதம் நீடித்த ஒரு கல்யாணத்திலிருந்து ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அந்த எட்டு மாதத்தைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா வீட்டிலிருந்தபடியே திரைச்சீலை தைத்தாள். சித்தி ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டாள். அங்கே அவளுக்கு 'மடிப்பு' என்று பட்டப்பெயர். கைக்குட்டையைக்கூட நாலாக மடித்து, ஓரத்தை விரலால் ஒருமுறை நீவாமல் பைக்குள் வைக்கமாட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை வாங்கினால், மறுநாள் காலை கரண்டியைத் தலை தட்டாமல் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். யாருக்கும் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. அவளுக்கு மதம் என்று ஒன்று இருந்தால் அதுதான்.

கோழி எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது ஜாம் வழியாக. ஹோட்டலில் காலை உணவுத் தட்டுகளோடு பிரிக்காத ஜாம் டப்பாக்கள் திரும்பி வரும். விரல் அளவு சின்ன டப்பாக்கள். மறுபடி பரிமாறக் கூடாது என்பதால் வேலையாட்கள் எடுத்துக்கொள்வார்கள். ஸ்ட்ராபெர்ரிக்கு அடிதடி நடக்கும். தோல் கசக்கிற ஆரஞ்சு ஜாமை யாரும் சீண்டமாட்டார்கள். அது சித்தி பங்குக்கு வரும். எங்கள் வீட்டிலும் அதைத் தின்ன ஆளில்லை. குளிர்பெட்டிக் கதவு முழுக்க ஆரஞ்சு நிறமாகிப்போன ஒரு நாள், சித்தி எல்லாவற்றையும் பிரித்து ஒரு வாணலியில் கொட்டினாள். வினிகர், நசுக்கிய பூண்டு, மிளகாய்த்தூள், கொஞ்சம் உப்பு. கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கும்வரை கிளறினாள். நான் தொட்டு நக்கிப் பார்த்தேன். முதலில் இனித்தது. பிறகு தாடை ஓரம் கூசியது. கடைசியில் அந்தக் கசப்புகூட நன்றாக இருந்தது.

ஆனால் எங்கள் கேஸ் அடுப்பில் வெந்த கோழியில் அது ஒட்டவில்லை. வழிந்து குழம்பாகிவிட்டது. "இதுக்கு ஈரமில்லாத சூடு வேணும்" என்றாள் சித்தி. மறுநாள் பேக்கரியின் பின்வாசலில் போய் நின்றாள்.

பேக்கரி இரண்டு தெரு தள்ளி. சாயங்கால ரொட்டி இறங்கியதும் அந்தப் பெரிய அடுப்பு மெல்ல ஆறத் தொடங்கும். மறுநாள் விடியும்வரை அந்தச் சூட்டுக்கு வேலையில்லை.

"சும்மா போற சூடுதானே? ஒரு ட்ரே வெச்சுக்கட்டுமா?"

"சூடு சும்மா வராதும்மா" என்றார் ரொட்டிக்காரர். மனைவி இறந்து பல வருடங்களாகக் கடையின் மேல்மாடியில் தனியாக இருந்தவர். புருவத்தில் எப்போதும் மாவு.

"சும்மா யாரு கேட்டா? ஒரு கால் துண்டு உங்களுக்கு."

அதற்கு அவர் 'அடுப்பு வாடகை' என்று பெயர் வைத்தார்.

முதல் முறை எல்லாம் கெட்டது. பன்னுக்கு முட்டை பூசிப் பழகிய கை அவருடையது. உதவி செய்கிறேன் என்று, சித்தி கொண்டுவந்த ஜாம் பாகை எல்லாம் ஆரம்பத்திலேயே கோழிமேல் பூசி உள்ளே தள்ளிவிட்டார். வெளியே வந்தபோது மேலே கரி, உள்ளே ரத்தம்.

"ஏன்யா, இது கோழியா, அடுப்புக்கரியா?"

"நான் நல்லதுன்னு நினைச்சுதான்…"

"சர்க்கரைக்குப் பொறுமை கிடையாது. கோழி வேகுற வரைக்கும் அதை வெளியவே நிறுத்தி வெக்கணும். கடைசியிலதான் பூசணும். அதுவும் உங்க முட்டை பிரஷ்ஷால இல்ல." பெயின்ட் கடையில் புதிதாக ஒரு பிரஷ் வாங்கிக் கொடுத்தாள். அதை வேறு எதற்கும் தொடக் கூடாது என்று ஆணியில் மாட்டச் சொன்னாள்.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் கோழி. வார இறுதியில் ஹோட்டல் நிரம்பி வழியும். சித்தி வந்ததும் சுருண்டு படுத்துவிடுவாள். அதனால் ஊரெல்லாம் ஞாயிறு விருந்து சாப்பிட, நாங்கள் வாரத்தின் நடுவில் சாப்பிட்டோம். காலையில் உப்பும் மிளகாயும் பூண்டும் தடவி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் பாகைப் பாட்டிலில் ஊற்றி, ட்ரேயை அலுமினியத் தாளால் மூடிக் கிளம்புவாள். முதலில் மூடி வேகும். பிறகு தாளை எடுத்துவிட்டு வேகும். கடைசியில் அவர் பூசுவார், சித்தி படியில் நின்றபடி வேலை வாங்குவாள். தோல் பளபளவென்று செம்பு நிறமாகும்போது சந்து முழுக்க வாசம் வரும். வீட்டுக்கு வந்தால் அம்மா தையல் மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தயாராக இருப்பாள்.

நான் பள்ளியின் கடைசி வருடம் படித்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, சந்துச் சுவரில் சாய்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தேன். ரொட்டிக்காரர் பூசிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க. இன்னொரு கால் துண்டு மட்டும் கேக்காதீங்க."

"எனக்கும் யாரும் இல்ல. உங்களுக்கும்… அந்த இன்னொரு காலையும் உள்ள எடுத்து வெச்சுட்டா என்ன?"

பிரஷ் நின்றது. நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கோழி கருகுது" என்றாள் சித்தி.

அவர் குனிந்து பார்த்தார். "கருகல."

சித்தி சொன்னாள்: "பதில் சொல்றேன். டைம் கொடுங்க. கடன் வெக்கிற பழக்கம் எனக்கில்ல, உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அந்தத் தைரியத்துலதான் கேட்டேன்."

திரும்பி வரும்போது நான் ஏதோ பேச வேண்டுமே என்று, "மாமாகிட்ட பாட்டிலை விட்டுட்டு வந்துட்டோம் சித்தி" என்றேன். அவள் சூடான ட்ரேயோடு நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"இனிமே அவரை மாமான்னு கூப்பிடாதே."

"பின்ன எப்படிக் கூப்பிடுறது?"

"எப்படியும் கூப்பிடாதே. விஷயத்த மட்டும் சொல்லு."

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பில் மெஷினில் நூல் அறுந்துவிட்டது. "அட மக்கு! நீ மாமான்னு கூப்பிட்டா அவர் எங்களுக்கு அண்ணன் தம்பி ஆயிடுவாரேடி!" என்றாள். சித்தி ஒரு திரைச்சீலையைச் சுருட்டி அவள்மேல் எறிந்தாள். மடிக்காமல் சித்தி துணியைக் கையாண்டதை நான் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

பிறகு வருடங்கள் போயின. என் பரீட்சை முடியட்டும் என்றாள். நான் கல்லூரியில் சேர்ந்ததும், இவள் காலூன்றட்டும் என்றாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். அதை ஒரு பெருமையாகத்தான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதற்காக எது எது காத்திருந்தது என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. இப்போது யோசித்தாலும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. காத்திருந்தது எனக்காகத்தானா, அல்லது நான் அவளுக்கு வாய்ப்பான ஒரு சாக்கா?

ரொட்டிக்காரர் மறுபடி நேராகக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அடுப்பைத் திறக்கும்போது மட்டும் கேட்பார்: "என்ன, பதில் வெந்துச்சா?"

"நடுவுல இன்னும் பச்சையா இருக்கு."

"அப்ப இன்னும் கொஞ்சம் உள்ள இருக்கட்டும்."

அம்மாதான் பொறுமை இழந்தாள். "சொல்லித் தொலையேன்டி! நானும் இவளும் என்ன கைக்குழந்தைங்களா?"

"உனக்கு ஊசில நூல் கோக்க யாரு இருக்கா அக்கா?"

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே கோத்தவ நான். என்னைச் சாக்கு சொல்லாதே."

ஒருமுறை நானே கேட்டேன், பாகு கிளறிக்கொண்டிருந்தபோது. அவள் கரண்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு காலையும் எடுத்து வெச்சுப் பாத்தவடி நான். திரும்பி வரணும்னு நினைச்சப்ப வெளிய ஊன ஒரு கால்கூட மிச்சமில்ல." கோடு நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

நான் பட்டம் வாங்கிய அன்று ரொட்டிக்காரர் நீளமாக ஒரு ரொட்டி சுட்டு, நடுவில் ரிப்பன் கட்டி, 'பட்டதாரிக்கு' என்று அனுப்பினார். அன்று சாயங்காலம் சித்தி இஸ்திரி போட்ட நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, ட்ரே இல்லாமல் பேக்கரிக்குப் போனாள். அம்மாவும் நானும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டோம்.

"சித்தப்பாவுக்கு காபி போட்டு வைக்கட்டுமா?" என்று நான் கிசுகிசுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

சித்தி தனியாகத் திரும்பி வந்தாள்.

"சொல்லிட்டியா?" என்றாள் அம்மா.

"கூட்டமா இருந்துச்சு."

பின்வாசலில் என்றைக்கும் கூட்டம் இருந்ததில்லை. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அன்று யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அம்மாவின் கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்து நல்லபடியாக முடிந்தது. ஊசியில் நூல் கோத்துச் சித்தியின் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். இனிச் சாக்கு எதுவும் மிச்சமில்லை என்று இருந்தபோதுதான் சித்தி சாப்பாட்டில் பாதியை ஒதுக்கத் தொடங்கினாள். முதலில் புளிப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பிறகு எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது கரைக்கவோ வெட்டவோ முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தது.

மருத்துவமனைக்கு ரொட்டிக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். புருவத்தில் மாவில்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். வேறு யாரோ போல் இருந்தார். கையில் ஒரு டப்பா. அவரே கோழி வாங்கி, அவரே ஜாம் வாங்கிச் செய்திருந்தார். சித்தியால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாது என்று அவருக்குத் தெரியும். மூடியைத் திறந்து அவள் பக்கம் சாய்த்தார்.

சித்தி கண்ணை மூடி முகர்ந்தாள். "கொஞ்சம் முன்னாடியே பூசிட்டீங்க."

"ஆமா. அவசரப்பட்டுட்டேன்."

நான் தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். வராந்தாவில் வேண்டுமென்றே நின்றேன். கதவு சரியாக மூடவில்லை. உள்ளே இரண்டு பேரும் வினிகரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கடையில் நல்லது, எது வெறும் தண்ணீர் என்று. நான் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, கொட்டி, மறுபடி நிரப்பினேன். அவர் வெளியே வரும்போது டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"சொல்லிட்டீங்களா சித்தி?"

"படுத்துக்கிட்டா சொல்றது? எழுந்து போய், அந்தப் படியில நின்னு சொல்லணும்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"கேட்டது அவரு. பதில் அவருக்குத்தான்" என்று போர்வையின் ஓரத்தை விரலால் நீவினாள்.

அவள் எழுந்திருக்கவில்லை.

அவள் போன அன்று ரொட்டிக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். உறவுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். சலவைப் பிரிவிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். இவரை எந்த வரிசையில் நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. "நீங்க யாரு?" என்று யாரோ கேட்டதற்கு, "கடைக்காரன்" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை அம்மா கோழி வாங்கிவிட்டாள். எதற்கு வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை. குளிர்பெட்டிக் கதவில் மிச்சமிருந்த டப்பாக்களைப் பிரித்துக் காய்ச்சினேன். கோடு நின்றது. ட்ரேயைத் தூக்கிக்கொண்டு சந்துக்குப் போனேன். அவர் வாங்கி உள்ளே வைத்தார். நான் படியில் உட்கார்ந்தேன். தாளை எடுக்கும் நேரம் வந்தபோது அவர் கேட்டார்: "உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களாம்மா?"

'சரின்னுதான் சொன்னாங்க' என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார். அவருக்கும் அது போதும், எனக்கும் பாரம் குறையும். அந்த வாக்கியம் நாக்குவரை வந்தது. ஆனால் அது சித்தியின் பதில் இல்லை. அடுத்தவர் கணக்கை நான் எப்படித் தீர்ப்பது?

"இல்ல" என்றேன். "ஆனா ஒண்ணு. நீங்க கேட்ட அன்னிக்கு, வீட்டுக்குப் போற வழியில, உங்களை மாமான்னு கூப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஆணியிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார்.

"அது வட்டிம்மா" என்றார். "அசல் இன்னும் பாக்கி."

பாட்டிலைத் திறந்து பூச ஆரம்பித்தார், அவசரமில்லாமல். கோழி தயாரானதும் வழக்கம்போல ஒரு கால் துண்டை அவருக்கு எடுத்து வைத்தேன். வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பும்போது, அதற்கு முன்னால் ஒரு முறைப்பெயர் வேண்டியிருந்தது. மாமா இல்லை. சித்தப்பா என்று சொல்ல எனக்கு அனுமதி வரவில்லை.

விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.