ஆணி இருந்த இலை

பொறுமை எனக்குக் கிடையாது. உலையில் அரிசி போட்டுவிட்டு மூன்று தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள். இப்படிப்பட்டவன் எதற்கு ஸ்க்ரோல் சா வாங்கினான் என்று மனைவி இன்னும் கேட்கிறாள். மேலும் கீழும் ஓடும் நூல் மாதிரி பிளேடு; அதனிடம் பலகையை மெல்லக் கொடுத்து வளைத்து வளைத்து உரு வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் பிளேடு போகும், இல்லை மரம் போகும்.

மகள் பிறந்தபோது, அவள் கல்யாணக் கட்டிலுக்கு ஆகும் என்று திருத்துறைப்பூண்டியில் எங்கள் கொல்லையில் மனைவி ஒரு தேக்கங்கன்று வைத்தாள். புயல் அதைச் சாய்த்துவிட்டது. அறுத்துப் பார்த்தால் பாதிக்குமேல் வெளுப்பு. வைரம் பாய்ந்தது ஒரு சின்னப் பலகைதான். கட்டில் கனவு போச்சு. பலகை பரணில் கிடந்தது.

இப்போது மகள் சென்னையில் வீடு கட்டிவிட்டாள். முழங்கால் ஆபரேஷன் ஆன மனைவியால் கிரகப்பிரவேசத்துக்குப் போக முடியாது. பலகையை இறக்கி மாவிலைத் தோரணம் வெட்டித் தரச் சொன்னாள்.

"நான் போகலேன்னாலும் என் மரம் அவ வாசல்ல இருக்கட்டுங்க."

அதைக் கேட்டபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குறுவை நடவு நேரம் வேறு. மும்முனைக் கரண்ட் வந்தால் ஊரிலுள்ள மோட்டாரெல்லாம் ஒன்றாக ஓடும், வோல்டேஜ் விழும், ரம்பம் திணறும். நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் காத்திருப்பேனா? தள்ளினேன். நட்டநடு இலையின் காம்பு பொட்டென்று ஒடிந்தது. போதாததற்குக் காம்பை மர நார் ஓட்டத்துக்குக் குறுக்கே வரைந்து வைத்திருந்தேன். அட முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் காலை பஸ்.

மிச்சம், அதே தேக்கில் ஆணி இருக்கிறது என்று மரம் அறுக்கும் மில்லில் அப்போது ஒதுக்கித் தந்த துண்டுதான். ஆணியைப் பிடுங்கி, ஓட்டம் பார்த்து, இந்தத் தடவை ஒழுங்காக வெட்டினேன். இலை நன்றாகவே வந்தது. ஆனால் நடுவில் ஓட்டை, சுற்றிலும் கறுப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. எரிச்சலில், கும்பகோணத்தில் இறங்கிக் கடைத் தோரணமே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மனைவி இலையை வாங்கி ஓட்டையைத் தடவிப் பார்த்தாள். அப்படியே கோத்துவிடச் சொன்னாள்.

சென்னையில் தோரணத்தை மாட்டிவிட்டு வீடியோவில் மனைவியைக் கூப்பிட்டேன். ஹாலைக் காட்டினேன், அடுப்படியைக் காட்டினேன். அவள் வாசலைக் காட்டுங்க என்றே நின்றாள். மகள் நாற்காலி போட்டு ஏறி ஒவ்வொரு இலையாகத் தொட்டு வந்தாள். நடு இலையில் விரல் நின்றது.

"அம்மா, இது நம்ம மரத்துல துணிக்கொடி கட்டின ஆணியோட ஓட்டைதானே? என் யூனிபார்ம் காயுமே."

போனில் மனைவியின் முகம் தெரியவில்லை. முந்தானைதான் தெரிந்தது.