சப்பாத்துச் சத்தம் கேட்கும்வரை

பினாங்கில் ஜப்பான்காரன் ஆட்சி நடந்தபோது, சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் பிடிக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த கூலி லயத்தில் ஒரே ஓர் அறைதான் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் வேலை பார்த்தார். பாதி நேரம் சண்டை, பாதி நேரம் சமாதானம் என்று போய்க்கொண்டிருந்த குடித்தனம். ஒரு நாள் சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போனது.

நடந்தது இதுதான். துறைமுகத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. மூட்டை இறக்கும்போது கிழிசலிலிருந்து தரையில் சிந்துகிற அரிசி, வேலை முடிந்து இடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்குச் சொந்தம். சிந்தல் அரிசி என்போம். மண்ணும் சாக்குத் தும்பும் பாதி, அரிசி பாதி. அதைப் புடைத்தெடுப்பதற்குள் தோள்பட்டை விட்டுப் போகும். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. “இடத்தச் சுத்தமா கூட்டி எடுத்துக்கிட்டுப் போங்கடா” என்று சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் கணக்கரே சொல்லுவார். ஜப்பான்காரன் வந்த பிறகும் நம் ஆட்கள் அதே வழக்கத்தில் கூட்டி எடுத்தார்கள். ஆட்சி மாறினால் குப்பைக்குக்கூட எஜமான் மாறிவிடுவான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் வாசலில் சோதனை போட்டு, சிந்தல் மூட்டையோடு இருந்த மொத்தக் கூட்டத்தையும் லாக்கப்பில் அடைத்துவிட்டார்கள். ராணுவ அரிசியைத் திருடினார்கள் என்று வழக்கு. குற்றம் என்று தீர்ந்தால் நேரே சயாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லயமெல்லாம் பேச்சு. சயாமுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வந்ததில்லை.

கோர்ட் வாசலில் மனு எழுதித் தரும் அண்ணன் ஒருவர் இருந்தார். அவரிடம் ஓடினோம். “எழுதிக் குடுக்க நான் இருக்கேன். கூடமாட நிக்க ரெண்டு சின்ன லாயருங்களும் வர்றேன்றாங்க. ஆனா முன்னால நின்னு பேச ஒரு பெரிய ஆளு வேணும்லா. சின்னப் பையனுங்க வாயத் தொறந்தா ஜட்ஜு மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டாரு” என்றார். பெரிய வக்கீல்களில் பலர் ஒதுங்கியிருந்தார்கள். மீதிப் பேர் ஜப்பான்காரன் போட்ட வழக்கு என்றதும் கதவைச் சாத்தினார்கள். கடைசியாக மனுக்காரர் ஒருவரைச் சொன்னார். தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் அவர் பேச ஆரம்பித்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தொண்டை வறளுமாம்.

நானும் எதிர் வீட்டு அக்காவும் போனோம். அவள் புருஷனும் உள்ளேதான் இருந்தான். பெரிய வக்கீலைப் பார்க்கப் போகிறோமே என்று, இருந்ததில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு போனால், பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாகத் தோட்டத்தில் மரவள்ளிக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கூட்டி எடுக்கச் சொன்னது யார், எந்தக் கிட்டங்கி, கையில் இருந்தது மண் கலந்ததா சுத்தமான அரிசியா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. எப்போது விசாரணை என்று கேட்டார். வருகிற வாரம், டவுன் கோர்ட்டில் என்றேன். டவுன் என்றதும் அந்த முகம் அப்படியே அணைந்துவிட்டது.

“நான் இப்ப வழக்குப் பேசிறேல்லை, பிள்ளை. வேறை ஆரையும் பாருங்கோ” என்றார். திரும்பிக் கோழிக்கூட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அவர் காதில் விழட்டும் என்றே, “வாங்கக்கா, ஐயா இனிமே கோழிக்குத்தான் வக்காலத்து வாங்குவாரு போல” என்று சொல்லிவிட்டு நடந்தேன். கூலிக்காரப் பெண்கள் என்ற இளக்காரம்தானே என்று உள்ளுக்குள் கொதித்தது.

வாசல் கேட்டைத் தாண்டும்போது அவர் மனைவி பின்னாலேயே ஓடி வந்தார். “கோவிக்காதை பிள்ளை. உங்களிலை அவருக்கு ஒரு இளக்காரமும் இல்லை” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

டவுனுக்குப் போகும் வழியில் ஒரு சந்தியில் ஜப்பான் காவல் இருந்தது. அந்தக் காலத்தில் யாராக இருந்தாலும் காவல்காரன் முன்னால் நின்று இடுப்பு வளையக் குனிந்துவிட்டுத்தான் போக வேண்டும். வக்கீல் ஒரு நாள் தலையில் தொப்பியோடு குனிந்துவிட்டார். அவன் தொப்பியைத் தட்டிவிட்டு, கன்னத்தில் அறைந்து, நடுச்சாலையில் முழங்கால் போட வைத்து, தலையில் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறான். வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தாராம். அவரைக் கண்டால் எழுந்து நிற்கிறவர்களெல்லாம் பக்கத்தில் நடந்து போனார்கள். அவரிடம் வேலை பார்த்த குமாஸ்தாவும் போனார்.

“அண்டைக்கு வந்தவர் பிறகு இந்தக் கேற்றைத் தாண்டேல்லை. டவுனுக்கு எந்தப் பக்கத்தாலை போனாலும் அந்தச் சந்தியிலை ஏறித்தான் போகவேணும். சனத்துக்கு முன்னாலை இன்னொருக்கால் குனிய அவராலை ஏலாது, பிள்ளை. நான் சொன்னதெண்டு அவரிட்டைச் சொல்லிப்போடாதை.”

சற்று முன்னால் கோழி வக்கீல் என்று சொன்ன வாய் இது. அந்த அம்மாளின் கையை விடவே மனசு வரவில்லை.

திரும்பும்போது அதே சந்தி. மூங்கில் தடுப்பு, துப்பாக்கியோடு ஒருவன். காய்கறிக் கூடையோடு சீனப் பெண்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலாய்க்காரர்கள் என்று ஒரு கூட்டமே நின்று குனிந்தது. நாங்களும் குனிந்தோம். தலை தரையைப் பார்த்திருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. என் வீட்டுக்காரரோடு எத்தனையோ முறை இந்த மாதிரி தடுப்புகளைத் தாண்டியிருக்கிறேன். அவர் குனிந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எப்படிப் பார்க்க முடியும்? அந்த நேரத்தில் என் தலையும்தானே தரையில் இருந்தது!

மறுநாள் தனியாகப் போனேன். வழக்கைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. “ஐயா, விசாரணை அன்னிக்கு நாங்க பொம்பளைங்க எல்லாம் கோர்ட்டுக்குப் போறோம். ஆம்பளைங்க எல்லாம் உள்ள இருக்காங்க. போற வழியில காவல்காரனுங்க ஒரு மாதிரி பாக்குறானுங்க. பெரியவர் ஒருத்தர் கூட வந்தா துணையா இருக்கும். கோர்ட் வாசல் வரைக்கும் வந்தாப் போதும்” என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். குறுக்கு விசாரணை செய்கிற கண். அவர் மனைவி வாசற்படியில் நின்று முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“கூட்டமாப் போனால் பிடிப்பான்” என்றார் கடைசியில்.

“பாசாருக்குப் போற மாதிரி கூடையோட போவோம்யா. கூடை இருக்கு. அதுல போடத்தான் ஒண்ணும் இல்ல.”

“கிழங்கு இஞ்சை கிடக்கு” என்றார். எனக்கு அது போதும்.

லயத்துக்கு வந்து பெண்களைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னேன். சந்தியில் குனிந்தால் யாரும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கக்கூடாது. அவர் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் நாம் நிமிர வேண்டும். காலில் சப்பாத்து போட்டு நடப்பவர் அவர் ஒருத்தர்தான், நாமெல்லாம் வெறுங்கால். அந்தச் சத்தம் நகர்ந்தால் நிமிரலாம்.

எதிர் வீட்டு அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவருக்கு மட்டும் என்னாடி ரோஷம்? நாம தெனம் குனியல? நம்ம முதுகு என்ன ரப்பரா?” என்றாள். கேள்வி நியாயமானதுதான். “நம்மளுக்கும் ரோஷம் இருக்குக்கா. அது என்னா வலின்னு நம்மளுக்குத் தெரியும்லா, அதனாலதான் கேக்குறேன்” என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, என் கூடைக்குப் பெரிய கிழங்கா போடச் சொல்லு” என்றாள்.

விசாரணை நாளன்று விடிந்தும் விடியாமல் அவர் வீட்டு வாசலில் நின்றோம். வெள்ளைச் சட்டை, கால்சட்டை, துடைத்து மெருகேற்றிய சப்பாத்தோடு வந்தார். தலையில் தொப்பி இல்லை. அவர் மனைவி கிழங்குக் கூடை ஒன்றைக் கொண்டுவந்து என் இடுப்பில் வைத்தார். மேலே கிழங்கு, அடியில் ஏதோ கருப்பாகச் சுருட்டி வைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். வக்கீல் கோட்டு! துணைக்கு வருகிறவருக்குக் கோட்டு எதற்கு? அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

சந்தி நெருங்க நெருங்க நடை தளர்ந்தது. தடுப்புக்குச் சற்று முன்னால் நின்றேவிட்டார். காவல்காரன் எங்களைப் பார்த்துவிட்டான். அங்கிருந்து அவர் திரும்பி நடந்திருந்தால் அவன் சும்மா விட்டிருக்க மாட்டான். எங்கள் ஆட்களுக்கும் அதோடு எல்லாம் முடிந்துபோயிருக்கும். அப்போது எதிர் வீட்டு அக்கா ஒரு காரியம் செய்தாள். யாரையும் பார்க்காமல் முன்னால் போய், அவர் நிற்கும் இடத்துக்கு முன்பாக நின்று குனிந்தாள். உடனே நாங்கள் அவரைச் சுற்றி நெருங்கி நின்று மொத்தமாகக் குனிந்தோம்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இடுப்பில் கிழங்குக் கூடை கனத்தது. முதுகு வலித்தது. சப்பாத்துச் சத்தம் வரவில்லை. அவர் குனிந்தாரா, மரம் மாதிரி நிற்கிறாரா என்று தெரியாமல் சாமியெல்லாம் கும்பிட்டேன். பிறகு சரளைக்கல்லில் சரக் என்று ஒரு சத்தம். இன்னொன்று. நிதானமாக நடந்து போகும் சத்தம். அதன் பிறகுதான் ஒவ்வொருவராக நிமிர்ந்தோம். அவர் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

கோர்ட் வாசலில் நான் கூடையை நீட்டினேன். அவர் கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். முதுகில் கிழங்கு மண் ஒட்டியிருந்தது. தட்டிவிடக் கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டேன்.

உள்ளே பழைய உள்ளூர் நீதிபதிதான் இருந்தார். பக்கத்தில் ஒரு ஜப்பான் அதிகாரி. வக்கீல் இங்கிலீஷில் பேசப் பேச, மனுக்கார அண்ணன் எங்கள் காதில் தமிழில் சொன்னார். கிட்டங்கிக் கணக்கரைக் கூண்டில் ஏற்றி, சிந்தியதைக் கூட்டாமல் விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் வக்கீல். கடலில் தள்ளுவோம் என்றார் கணக்கர். கடலுக்குப் போகவேண்டியதை எடுத்தவன் எப்படித் திருடன் ஆவான் என்று கேட்டார் வக்கீல். அப்புறம் அதிகாரியின் பக்கம் திரும்பி, மூட்டை தூக்கத் தெரிந்த இந்த முதுகுகளை சயாமுக்கு அனுப்பிவிட்டால் உங்கள் கப்பலை யார் இறக்குவார்கள் என்று பணிவாகக் கேட்டார். நீதிபதியும் அதிகாரியும் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். எச்சரிக்கை செய்து எங்கள் ஆட்களை வேலைக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். இடுப்பில் சுத்தமான அரிசி கட்டியிருந்த ஒருவனுக்கு மட்டும் இங்கேயே ஜெயில். எல்லோரும் சந்தோஷத்தில் கத்தியபோது வக்கீல் மட்டும் அவனைக் கூட்டிப் போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் முதலில் கேட்டது, “கிழங்கு ஏது?” என்று. நடுத்தெருவில் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்தக் காலத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

அந்தச் செய்தி பரவிவிட்டது. அடுத்த வாரமே ரிக்‌ஷாக்காரர் ஒருவர் பிடிபட, அவருடைய மனைவி எங்கள் லயத்துக்கு வந்து நின்றாள். “ஐயாவை எப்படிக் கூட்டிக்கிட்டு வர்றதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமாம்” என்றாள். மறுபடியும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு விடிகாலையில் போனோம்.

அன்றைக்கு வக்கீல் வெறுங்காலோடு வந்தார். நான் கவனிக்கவே இல்லை. சந்தியில் குனிந்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சத்தம் வரவில்லை. வந்தபாடே இல்லை. முதுகு ஒடிந்துவிடும்போல் இருந்தது. ஒருத்தியும் நிமிரவில்லை. அப்போது மேலேயிருந்து அவர் குரல் மெதுவாகக் கேட்டது.

“நிமிருங்கோ பிள்ளையள். நான் நிமிர்ந்திட்டன்.”

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! தடுப்பைத் தாண்டியதும், “சப்பாத்து என்னாச்சுங்கய்யா?” என்று சமாளித்தேன். “அண்டைக்குக் குனிஞ்சு நிக்கேக்கை பார்த்தன். அவ்வளவு காலுக்குள்ளை என்ரை சப்பாத்து மட்டுந்தான் கிடந்தது” என்றார். பிறகு என் கையிலிருந்த கிழங்குக் கூடையை வாங்கி அவரே சுமந்துகொண்டு நடந்தார்.

ஜப்பான்காரன் சண்டை முடியும்வரை, வக்கீல் வைக்க வழியில்லாத எத்தனையோ பேருக்கு அவர்தான் முன்னால் நின்று பேசினார். மனுக்காரர் சொன்ன அந்த இரண்டு சின்ன லாயர்களும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். ஜெயிலில் இருந்த அந்த ஒருவனுக்கும் மனுப் போட்டு வெளியே கொண்டுவந்துவிட்டார்.

இன்றைக்கும் யாராவது பலர் முன்னால் அவமானப்பட்டு நிற்பதைக் கண்டால் என் கண் தானாகத் தரைக்குப் போய்விடுகிறது. அவர்கள் நிமிர்ந்துவிட்டோம் என்று சொல்லும்வரை நான் நிமிர்வதில்லை.