என் குறட்டையில் ஆறு பேர் தியானம் செய்த கதை

தியான வகுப்பில் கண்ணை மூடிய ஐந்தாவது நிமிடம் குறட்டை விட்டவன் எழுதுகிற கட்டுரை இது. பார்த்துப் படியுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் மகள் ஐம்புலன் தியானம் சொல்லித்தரப் போகிறாள். அன்றுதான் முதல் வகுப்பு. வந்தவர்கள் திருப்தியாகப் போனால் வாராவாரம் நடத்தலாம் என்று தோட்டத்துக்காரர் சொல்லியிருந்தார். "வாங்கப்பா. ஆனா என் அப்பான்னு யாருகிட்டயும் சொல்லிராதீங்க. கூட்டம் சேர்க்க ஊட்டு ஆளைக் கூட்டியாந்துட்டான்னு நெனைப்பாங்க." சரி என்றேன்.

மூன்றரைக்கு எழுந்து, அன்னூரிலிருந்து பைக்கில் மேட்டுப்பாளையம். அங்கே 5.40 பஸ், 34 கிலோமீட்டர் மலைப்பாதை, 7.10க்குக் குன்னூர். பிறகு ஆட்டோ, ஆறு கிலோமீட்டர், 250 ரூபாய்.

"ஏனுங்க, கண்ணை மூடி உக்காரவா இத்தன தூரம்?" என்றார் ஓட்டுநர்.

"ஊட்ல டிவி சத்தமுங்க."

வகுப்பு எட்டரைக்கு, கட்டணம் 500. என்னையும் சேர்த்து ஏழு பேர், செடிகளுக்கு நடுவே பாய். முதலில் காது. "எந்தச் சத்தம் வந்தாலும் நல்லது கெட்டதுன்னு பிரிக்காம கேளுங்க" என்றாள். மரத்தில் காற்று, தூரத்தில் ஃபேக்டரி இரைச்சல், ஒரு குருவி. அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

யாரோ களுக்கென்று சிரித்தபோது முழிப்புத் தட்டியது. போச்சு, பிள்ளை பிழைப்பில் மண்ணைப் போட்டாயிற்று. அவள் குரல் மட்டும் ஆடவில்லை.

"இந்தக் குறட்டையையும் விரட்டாதீங்க. ஏறுது, நிக்குது, எறங்குது. அது கூடவே போங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. இப்போது நான் நிறுத்தினால் வகுப்பு அந்தரத்தில் நிற்குமே? அவள் மணி அடிக்கும்வரை, முழித்துக்கொண்டே குறட்டை விட்டேன்.

அப்புறம் ஈர இலையில் உள்ளங்கை, கசக்கிய கொழுந்தின் வாசனை, சர்க்கரையில்லாத டீ ஒரு வாய்க்கு ஒரு நிமிடம், கடைசியில் கண் திறந்து ஒரே ஒரு இலை. நாற்பது வருடமாக டீ குடிக்கிறேன், துவர்ப்பு எங்கே தொடங்குகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

போகிறவர்கள் முந்தின இரவு நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். பாய் ஈரமாகும், வெள்ளை வேட்டி வேண்டாம்.

கிளம்பும்போது தோட்டத்துக்காரர், "அடுத்த வாரமும் வெச்சுக்கலாம்மா" என்றது காதில் விழுந்தது. பக்கத்துப் பாய்க்காரம்மா, ஒரு டீச்சர், என்னிடம் சொன்னார்: "உங்க குறட்டையிலதாங்க எனக்கு மனசு நின்னுச்சு. அந்தப் புள்ள இத்தன நிதானத்தை எங்க கத்துக்கிச்சோ?"

"தெரியலீங்க" என்றேன்.

எங்கள் ஒற்றை அறை வீட்டில், இதே குறட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ப்ளஸ் டூ படித்தாள் என்று சொல்லவில்லை.