தூக்கா, முப்பது வருடமா

சல்பியாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் பத்தொன்பது வருடம் வாயையே திறக்காமல் இருந்தாள். மலேசியாவில், சுங்கை பட்டாணியில் என் பக்கத்து வீட்டுக்காரி, பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள். அவள் தம்பி மஸ்லான் கட்டிலுக்கடியில் இரண்டு கிலோ கஞ்சா வைத்திருந்ததைப் போலீசுக்குச் சொன்னவளே அவள்தான். ஆறு மாதம் உள்ளே கிடந்தால் புத்தி வரும் என்று நினைத்தாளாம், பைத்தியக்காரி. அவ்வளவு எடை என்றால் தூக்கு. அந்நாளில் நீதிபதியே இரங்கினாலும் வேறு தண்டனை கொடுக்க வழி கிடையாது. மாதம் தவறாமல் பஸ் ஏறிப்போய் அவனைப் பார்த்தாள். இதை மட்டும் சொல்லவில்லை.

இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்கள். தூக்கைக் குறைப்பதும் குறைக்காததும் நீதிபதிகள் கையில். புத்ராஜெயாவில் இருக்கும் நீதிமன்றத்துக்கு என் காரில்தான் போனோம். வழியில்தான் எல்லாவற்றையும் கொட்டினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன். இத்தனை வருடம் பஸ் ஏறிப்போனவளை நடுவழியில் விட மனசு வரவில்லை.

மூன்று நீதிபதிகள். மஸ்லான் சிறையில் தையல் கற்றதையும், ஒரு வம்புக்கும் போகாததையும் எங்கள் வக்கீல் எடுத்துச் சொன்னார். அரசு வக்கீல் எழுந்து பழைய கோப்பைப் புரட்டினார். சல்பியா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள்.

“என் பேரை வாசிச்சிருவாரோ?”

“வாசிச்சா வாசிக்கட்டும். தம்பி பொழைக்கணுமா, உன் மானம் பொழைக்கணுமா?” என்று சீறினேன்.

அவர் பெயர் எதையும் வாசிக்கவில்லை. இரண்டு கிலோ சின்ன விஷயமில்லை, தூக்கே இருக்கட்டும் என்று சொல்லி உட்கார்ந்தார். நீதிபதிகள் தலை சாய்த்துப் பேசிக்கொண்டார்கள்.

தூக்கு ரத்து. கைதான நாளிலிருந்து முப்பது வருடம். ஐம்பதைத் தாண்டியவன் என்பதால் பிரம்படி இல்லை. நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் இன்னும் ஒரு வருடம்தான் என்றார் வக்கீல்.

மஸ்லானை அழைத்துப் போகுமுன் காவலர் இரண்டு நிமிடம் கொடுத்தார். கூண்டருகே போனவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

“போலீஸ்ல சொன்னது நான்தான்டா.”

“தெரியும்க்கா. அது கட்டிலுக்கடியில இருந்தது உனக்கும் எனக்கும்தானே தெரியும்.”

“அப்புறம் ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?”

விலங்கிட்ட கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“கேட்டா நீ வர்றத நிறுத்திருவியோன்னு பயம்க்கா. வேற யாரு வந்தா என்னைப் பாக்க?”